பிரஷர் 150/90: ஒருவருக்கு அதிகம், இன்னொருவருக்குப் போதும்

இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் காத்தான்குடியில் கடை நடத்துபவர், வயது 56. சீனி வருத்தம் இருக்கிறது, சிகரெட்டை இன்னும் விடவில்லை, போன வருடம் மாரடைப்பு வந்து தப்பியவர். மற்றவர் படுவான்கரையில் மகளோடு இருக்கும் ஒரு பெத்தா, வயது 86. மெலிந்த உடம்பு, மங்கலான பார்வை, இந்த வருடம் இரண்டு தரம் விழுந்திருக்கிறார். இருவரும் கிளினிக்குப் போகிறார்கள். இருவருடைய கொப்பியிலும் எழுதப்படுவது 150/90 என்ற ஒரே பிரஷர், அதாவது இரத்த அழுத்த அளவுதான். கடைக்காரருக்கு டொக்டர் இன்னொரு குளிசையைச் சேர்க்கிறார். பெத்தாவுக்கோ, இருக்கிற குளிசைகளில் ஒன்றை நிறுத்தலாமா என்று யோசிக்கிறார்.

பெத்தாவின் மகளுக்கு இது விளங்காது. “ரெண்டு பேருக்கும் ஒரே பிரஷர்தானே டொக்டர், அவருக்குக் கூட்டிட்டு அம்மாக்கு ஏன் குறைக்கிறீங்க?” என்று கேட்பார். நியாயமான கேள்வி. உலகத்து இதய மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகத் தங்களுக்குள் கேட்டுக்கொண்டிருப்பதும் கிட்டத்தட்ட இதையேதான். பிரஷரை எவ்வளவு தூரம் இறக்குவது, எவ்வளவு வேகமாக இறக்குவது, யாருக்கு இறக்குவது என்பதை அடிப்படையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

கிளினிக் கொப்பியில் உள்ள மேல் எண், இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் விழும் அழுத்தம். கீழ் எண், இதயம் தளர்ந்து மறுபடி நிரம்பும்போது மிஞ்சியிருக்கும் அழுத்தம். 140/90 தாண்டினால் பிரஷர் வருத்தம் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். உடம்புக்குள் அப்படி ஒரு கோடு கிடையாது. சுமார் 10 இலட்சம் பேருடைய தரவுகளை ஒன்றுசேர்த்து 2002இல் வெளியான ஓர் ஆய்வு, ஆபத்து 115/75 இலிருந்தே மெல்ல மெல்ல ஏறத் தொடங்குகிறது என்று காட்டியது. 40 முதல் 69 வயது வரையானவர்களில், மேல் எண் 20 கூடும் ஒவ்வொரு தடவையும் பாரிசவாதத்தாலும் மாரடைப்பாலும் சாகும் ஆபத்து இரண்டு மடங்காகிறது. 139க்கும் 141க்கும் இடையில் ஒன்றும் தலைகீழாக மாறுவதில்லை. 140க்கும் 180க்கும் இடையில் உள்ள வித்தியாசமோ நான்கு மடங்கு.

சரி, அப்படியானால் எல்லாருக்கும் மருந்தைக் கொடுத்து 115க்கு இறக்கிவிடலாமே?

அங்கேதான் சிக்கல். இயற்கையாகவே 115 இருக்கும் உடம்பும், நான்கு குளிசை போட்டு 115க்கு இழுத்து வந்த உடம்பும் ஒன்றல்ல. இரண்டாவது உடம்பின் குழாய்கள் ஏற்கனவே தடித்து இறுகியிருக்கும். அந்த நான்கு குளிசைக்கும் தனித்தனிப் பக்கவிளைவுகளும் உண்டு.

இன்னொரு விடயம், நன்மை எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. இதை நிதானமாகப் பார்க்க வேண்டும், மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. 48 ஆய்வுகளைச் சேர்த்து 2021இல் வெளியான ஒரு கணக்குப்படி, மேல் எண்ணை 5 குறைத்தால் பெரிய இதய, இரத்தக்குழாய் நோய்கள் ஏறத்தாழ 10 சதவீதம் குறைகின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எதில் 10 சதவீதம்? அடுத்த பத்து வருடத்தில் நூறில் 30 பேருக்கு மாரடைப்போ பாரிசவாதமோ வரக்கூடிய ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 10 சதவீதம் என்பது மூன்று பேர். நூறில் 3 பேருக்கு மட்டுமே வரக்கூடிய இளம், ஆரோக்கியமான கூட்டத்தில் அதே 10 சதவீதம் ஒரு ஆள்கூட இல்லை. முந்நூறு, நானூறு பேர் குளிசை போட்டால்தான் ஒருவர் தப்புவார். பக்கவிளைவோ இரண்டு கூட்டத்துக்கும் வரும். ஆகவே டொக்டர் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஆளுக்கு மொத்த ஆபத்து எவ்வளவு என்பதை. வயது, சிகரெட், சீனி, கொலஸ்ட்ரோல், சிறுநீரகம், முன்பு வந்த மாரடைப்பு அல்லது பாரிசவாதம் எல்லாம் சேர்ந்துதான் அந்த ஆபத்து. நம் ஆஸ்பத்திரிகளில் நடக்கும் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டருக்குப் போனவர்கள் நிறம் நிறமாகக் கட்டம் போட்ட ஓர் அட்டையைப் பார்த்திருப்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் தயாரித்த அந்த அட்டை செய்வது இந்தக் கணக்கைத்தான்.

இனி, எவ்வளவு தூரம் இறக்குவது என்ற கதைக்கு வருவோம்.

ஒரு காலத்தில் வயதோடு நூறைக் கூட்டினால் வருவதுதான் சரியான பிரஷர் என்ற நம்பிக்கை இருந்தது. 70 வயது என்றால் 170 இருக்கலாம் என்பார்கள். இன்றும் ஊரில் சிலர் சொல்கிறார்கள், கேட்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. மிக உயர்ந்த பிரஷரை மருந்தால் குறைத்தால் உயிர் காப்பாற்றப்படும் என்று 1967இல் அமெரிக்காவில் எட்வர்ட் ஃப்ரீஸ் தலைமையிலான குழு காட்டியது. அவர்கள் எடுத்துக்கொண்டவர்களுக்குக் கீழ் எண்ணே 115 முதல் 129 வரை. முதியவர்களின் முறை அதற்குப் பிறகு வந்தது. 60 வயதுக்கு மேற்பட்ட, மேல் எண் மட்டும் கூடிய ஆட்களுக்கு மருந்து கொடுத்துப் பார்த்ததில் பாரிசவாதம் 36 சதவீதம் குறைந்தது என்று 1991இல் தெரிந்தது. வயதோடு நூறு என்ற கணக்கு அன்றே முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு, பெரும்பாலானவருக்கு 140க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பதில் பெரிய தகராறு இருக்கவில்லை. அதற்கும் கீழே போகலாமா என்பதுதான் கேள்வியாக இருந்தது.

அந்தக் கேள்வியை நேராகக் கேட்டது 2015இல் வெளியான ஸ்பிரின்ட் என்ற அமெரிக்க ஆய்வு. 50 வயதைத் தாண்டிய, இதய நோய் ஆபத்துக் கூடிய 9,361 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இலக்கு 140க்குக் கீழே. மற்றக் குழுவுக்கு 120க்குக் கீழே. முதல் குழு சராசரியாக இரண்டு மருந்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்தது, மற்றது மூன்றுக்குச் சற்றுக் குறைவாக. ஐந்து வருடம் போக வேண்டிய ஆய்வை மூன்று வருடம் சொச்சத்திலேயே நிறுத்தினார்கள். 120 குழுவில் மாரடைப்பு, பாரிசவாதம், இதயச் செயலிழப்பு எல்லாம் சேர்த்து 25 சதவீதம் குறைவு. எந்தக் காரணத்தாலும் ஏற்படும் மரணம் 27 சதவீதம் குறைவு.

தலைப்புச் செய்தி இவ்வளவுதான். உள்ளே பார்த்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். 25 சதவீதம் என்பதை ஆட்கணக்காக மாற்றினால், 1000 பேரை மூன்று வருடத்துக்கு மேல் 120க்குக் கீழே வைத்திருந்ததில் சுமார் 16 பேர் பெரிய இதய நோயிலிருந்து தப்பினார்கள். அதே 1000 பேரில் மேலதிகமாகச் சுமார் 16 பேருக்குச் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டது, 10 பேருக்குப் பிரஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கியது, 6 பேர் மயங்கினார்கள். இரண்டு பக்கத்தையும் எண்ணிக்கையால் மட்டும் ஒப்பிட்டுவிடக் கூடாது. சிறுநீரகப் பாதிப்பு பெரும்பாலும் மருந்தை மாற்றியதும் சரியாகிவிட்டது. பாரிசவாதத்தில் போன கை அப்படித் திரும்பி வராது. என் எண்ணத்தில், ஆபத்துக் கூடிய ஒரு 60 வயதுக்காரருக்கு இந்த வியாபாரம் இலாபமானது. ஆனால் அவருக்கு ஒழுங்காகப் பார்க்க ஒரு டொக்டரும், அடிக்கடி இரத்தம் சோதிக்க ஒரு வசதியும் வேண்டும். ஸ்பிரின்டில் இரண்டும் இருந்தன.

அந்த ஆய்வில் யார் இல்லை என்பதையும் கவனியுங்கள். சீனி வருத்தக்காரர் இல்லை. பாரிசவாதம் வந்தவர் இல்லை. பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்கள் இல்லை. எழுந்து நின்றதும் மேல் எண் 110க்குக் கீழே போகிறவர்களும் இல்லை. நம் பெத்தாவுக்கு எழுந்து நின்றதும் பிரஷர் அப்படி இறங்குமானால், அவரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

சீனி வருத்தக்காரருக்குத் தனியாக ஒரு கதை உண்டு. 2010இல் வெளியான அக்கோர்ட் ஆய்வில் 4,733 சீனி வருத்தக்காரரை அதே 120, 140 என்ற இரண்டு இலக்கில் வைத்துப் பார்த்தார்கள். பாரிசவாதம் தெளிவாகக் குறைந்தது. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது வித்தியாசம் உறுதியாகத் தெரியவில்லை. மருந்தால் வந்த கடுமையான பக்கவிளைவு கூடியது. ஆகவே பல வருடங்கள் டொக்டர்மார் தயங்கினார்கள். சீனாவில் சுமார் 12,800 சீனி வருத்தக்காரரை வைத்துச் செய்து 2024இல் வெளியான இன்னொரு ஆய்வு, 120ஐ நோக்கிப் போனவர்களுக்கு இதய நோயும் பாரிசவாதமும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகக் காட்டியது. தராசு இப்போது மெல்ல இறுக்கமான கட்டுப்பாட்டின் பக்கம் சாய்ந்திருக்கிறது. காத்தான்குடிக் கடைக்காரருக்கு டொக்டர் ஏன் இன்னொரு குளிசை எழுதினார் என்பது இப்போது விளங்கும்.

ஆய்வுகள் இப்படிப் பல திசையில் இருப்பதால் வழிகாட்டிகளும் வேறுபடுகின்றன. அமெரிக்க இதய சங்கங்கள் 2017இல் 130/80க்குக் கீழே என்றன. உலக சுகாதார நிறுவனம் 2021இல், வேறு நோய் இல்லாதவருக்கு 140/90க்குக் கீழே, இதய நோய் ஏற்கனவே உள்ளவருக்கு மேல் எண் 130க்குக் கீழே என்றது. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024இல், உடம்பு தாங்குமானால் 120க்கும் 129க்கும் இடையில் என்றது. அந்த ‘தாங்குமானால்’ மிக முக்கியம். 85 வயதைத் தாண்டியவர், நலிந்துபோனவர், எழுந்ததும் தலை சுற்றுகிறவர் ஆகியோருக்குத் தளர்த்திக்கொள்ளலாம் என்று அதே வழிகாட்டி சொல்கிறது. பிரித்தானிய வழிகாட்டி 80க்கு மேற்பட்டவருக்கு 150/90ஐயே இலக்காக வைத்திருக்கிறது.

கிளினிக்கில் அளந்த எண் உண்மையா?

இலக்கை 120 ஆக வைப்பதா 130 ஆக வைப்பதா என்று அறிவாளிகள் பத்துப் புள்ளிக்காக விவாதிக்கிறார்கள். நம் ஊரில் அளக்கும் முறையிலேயே பத்துப் புள்ளி பிழைத்துவிடும்.

ஸ்பிரின்டில் அளந்தது எப்படி? ஆளை அமைதியான இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார வைத்து, தானியங்கி இயந்திரம் பல தடவை அளந்து சராசரி எடுத்தது. பல இடங்களில் பக்கத்தில் டொக்டரோ நேர்ஸோ கூட இல்லை. அப்படி எடுத்த 120, நெருக்கடியான கிளினிக்கில் எடுத்தால் 130ஐத் தொடலாம், தாண்டவும் செய்யலாம். நம்மவர் கிளினிக்குக்கு வரும் விதத்தை யோசித்துப் பாருங்கள். வாகரையிலிருந்தோ வெல்லாவெளியிலிருந்தோ விடியவே பஸ் ஏறி, வெறும் வயிற்றோடு வந்து, நம்பர் எடுத்து, வரிசையில் நின்று, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு, கூப்பிட்டதும் ஓடிப்போய் உட்கார்ந்து, பட்டை கட்டும்போதே “மிஸ், போன மாசம் தந்த குளிசை முடிஞ்சுது” என்று பேசத் தொடங்குகிறோம். பேசுவதால் சுமார் 10 கூடும். நிறைந்த மூத்திரப்பையாலும் அப்படியே. கையைத் தொங்கப் போட்டால் கூடும், கால்மேல் கால் போட்டால் கூடும், பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் இன்னும் கூடும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. கிளினிக் நாளில் சீனி சோதிக்க வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள் என்று காலைப் பிரஷர் குளிசையையும் விட்டுவிட்டு வருகிறவர்கள் ஏராளம். மாதம் முழுவதும் ஒழுங்காகப் போட்டவர், அளக்கும் அன்று மட்டும் போடாமல் வருகிறார். எண் ஏறி நிற்கிறது. டொக்டர் மருந்தைக் கூட்டுகிறார். வீட்டுக்குப் போய் இரண்டையும் ஒழுங்காகப் போட்டதும் பிரஷர் தேவைக்கு மேல் இறங்கித் தலை சுற்றுகிறது. பிரஷர் குளிசையை ஒரு மிடறு தண்ணீரோடு போட்டுவிட்டு வந்தால் சீனிப் பரிசோதனைக்கு ஒன்றும் ஆகாது. சீனிக் குளிசைக்கும் இன்சுலினுக்கும் இது பொருந்தாது. அவற்றைச் சாப்பாட்டோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

வெள்ளைக் கோட்டைக் கண்டதும் பிரஷர் ஏறுகிறவர்களும் உண்டு. வீட்டில் சாதாரணமாக இருக்கும், ஆஸ்பத்திரியில் 160 காட்டும். அவரை ஆஸ்பத்திரி எண்ணை வைத்து விரட்டிக்கொண்டு போனால் வீட்டில் விழுவார். ஆகவே இறுக்கமாகக் குறைக்க முடிவு செய்யும் முன் வீட்டில் அளந்த எண்ணைக் கேட்பது நல்ல டொக்டரின் பழக்கம்.

முதியவரிடம் நிதானம்

வயது போனவருக்கு மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டுமா வேண்டாமா என்று பார்க்கத்தான் 80 வயதைத் தாண்டிய 3,845 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2008இல் வெளியானது. இலக்கு 150/80. மருந்து எடுத்தவர்களில் இறப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, இதயச் செயலிழப்பு பாதிக்கும் மேலாகக் குறைந்தது. நடந்து திரிந்து, தோட்டத்தில் வேலை செய்யும் 82 வயதுக்காரருக்கு 170 இருந்தால் ‘வயசுதானே’ என்று விடுவது அநியாயம்.

ஆனால் நலிந்த உடம்பு வேறு. எழுந்து நிற்கும்போது இரத்தம் காலுக்கு இறங்குகிறது. இளம் உடம்பு குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகமாக்கி அதைச் சமாளித்துவிடும். முதிய உடம்பு தாமதிக்கும். அந்த இடைவெளியில் கண் இருட்டும், ஆள் விழுவார். இடுப்பு எலும்பு உடைந்தால் அதற்குப் பிறகு கட்டில்தான். இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லாத ஒரு சோதனை இருக்கிறது. இருக்க வைத்தோ படுக்க வைத்தோ அளந்து, எழுப்பி நிறுத்தி ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி அளக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், மருந்தைக் கூட்டும் முன் இரண்டு தரம் யோசிக்க வேண்டும். நெரிசலில் இந்தச் சோதனை தவறிப்போகிறது. “அம்மா எழும்பேக்க தலைசுத்து எண்டு சொல்றா, நிக்க வெச்சு ஒருக்கா பாருங்க டொக்டர்” என்று கூட வந்தவர் கேட்கலாம். கேட்க வேண்டும்.

கீழ் எண்ணையும் பாருங்கள். இதயத் தசைக்கு இரத்தம் போவது பெரும்பாலும் அது தளர்ந்திருக்கும்போதுதான். மேல் எண்ணைத் துரத்தும்போது கீழ் எண் 60க்கும் கீழே போனால், ஏற்கனவே இதயக் குழாய் அடைப்புள்ளவருக்கு டொக்டர் அங்கேயே நிறுத்திக்கொள்ளக் கூடும்.

மருந்தைக் குறைத்தால் ஆபத்தில்லையா? இங்கிலாந்தில் 80 வயதைத் தாண்டிய, இரண்டோ அதற்கு மேலோ பிரஷர் மருந்து எடுக்கும் 569 பேரில் பாதிப் பேருக்கு ஒரு மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்து, நிறுத்தியவர்களிலும் நிறுத்தாதவர்களிலும் நூறில் 86 முதல் 88 பேர் வரை 150க்குக் கீழேதான் இருந்தார்கள். 2020இல் வந்த இந்த ஆய்வு சின்னது, குறுகிய காலம் கொண்டது. இருந்தாலும் கவனமாகக் குறைக்க இடமிருக்கிறது என்று அது காட்டுகிறது. எதை நிறுத்துவது என்பது டொக்டரின் முடிவு. அட்டெனோலோல் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்தினால் நெஞ்சு நோவே வரலாம்.

வேகம் தனிக் கேள்வி

எவ்வளவு தூரம் என்பதையும் எவ்வளவு வேகம் என்பதையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். தூரத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டே வேகத்தை நிதானமாக வைக்கலாம். பெரும்பாலானவருக்கு அதுதான் சரி.

சேனாநாயக்க சமுத்திரம் என்ற குளத்துத் தண்ணீரில் வேளாண்மை செய்கிறவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். மதகைச் சட்டென்று பாதியாக இறக்கினால் தலைவாய்க்கால் பக்கத்து வயலுக்கு ஒன்றும் தெரியாது. கடைசி வயல்தான் முதலில் காயும். பல வருடம் 190இல் ஓடிப் பழகிய உடம்பில் மூளையின் சின்னக் குழாய்கள் அந்த அழுத்தத்துக்கே தங்களை அமைத்துக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரத்தில் 120க்கு இறக்கினால் மூளைக்கு இரத்தம் போதாமல் போய், தடுக்க நினைத்த பாரிசவாதமே வந்துவிடலாம். வாரக்கணக்கில் இறக்கினால் குழாய்கள் மெல்லத் திரும்பப் பழகிக்கொள்ளும்.

நிஃபெடிபின் மருந்தைக் கடித்தோ நாக்குக்கு அடியில் வைத்தோ உடனே பிரஷரை இறக்கும் வழக்கம் ஒரு காலத்தில் உலகம் முழுவதும் இருந்தது. பிரஷர் கட்டுப்பாடில்லாமல் விழுந்து பாரிசவாதமும் மாரடைப்பும் வந்ததால் 1990களின் நடுவில் அது கைவிடப்பட்டது. இன்றும் வீட்டு இயந்திரம் 190/110 காட்டியதும் பயந்துபோய் நாளைக்குப் போட வேண்டிய குளிசையையும் சேர்த்து இன்றே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வேறு எந்த அறிகுறியும் இல்லையென்றால் அமைதியாக உட்கார்ந்து சிறிது நேரம் கழித்து மறுபடி அளவுங்கள். குளிசையைத் தவறவிட்டீர்களா என்று பாருங்கள். அப்படியே நின்றால் அன்றோ அடுத்த நாளோ டொக்டரைப் பாருங்கள். அவரும் அதை நாள்களிலும் வாரங்களிலும்தான் இறக்குவார்.

அறிகுறி இருந்தால் கதை வேறு. நெஞ்சு நோ, மூச்சு முட்டுதல், ஒரு பக்கம் வழங்காமல் போதல், வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், பார்வை மறைதல், வலிப்பு, புத்தி தடுமாறுதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கர்ப்பிணிக்கு 160/110 என்றால் அறிகுறி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கேயும் பொதுவாக முதல் மணி நேரத்தில் சராசரி அழுத்தத்தைக் கால் பங்குக்கு மேல் இறக்க மாட்டார்கள்.

பாரிசவாதம் வந்த வீட்டுக்காரர்கள் வார்டில் தவிப்பதற்கு இதுவே ஒரு காரணம். மொனிட்டரில் 190 ஓடுகிறது, யாரும் மருந்து கொடுப்பதாகத் தெரியவில்லை. இரத்தக் கட்டி அடைத்து வந்த பாரிசவாதத்தில், முதல் நாளில் 220/120ஐத் தாண்டினாலொழியப் பெரும்பாலும் பிரஷரில் கைவைப்பதில்லை. அடைபட்ட இடத்துக்கு அக்கம்பக்கத்துக் குழாய்கள் வழியே கொஞ்சமாவது இரத்தம் போக அந்த அழுத்தம்தான் உதவுகிறது. கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதென்றால் முதலில் 185/110க்குக் கீழே கொண்டுவர வேண்டும். குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்தால் 140ஐ நோக்கிச் சீக்கிரம் இறக்குவார்கள். அவர் தேறி வீட்டுக்கு வந்த பிறகு, அடுத்ததைத் தடுக்க 130க்குக் கீழே. ஒரே ஆளுக்கு ஒரே வருடத்துக்குள் இத்தனை இலக்கு.

நம் பக்கத்துக்கு எது முக்கியம்?

என்னைக் கேட்டால், 120ஆ 130ஆ என்ற விவாதத்தை விட, 170இல் நிற்கும் ஆட்களை 140க்குக் கீழே கொண்டுவருவதில்தான் மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் அதிக உயிர் இருக்கிறது. அதற்கு இலங்கையிலேயே நல்ல சான்று உண்டு. 2018இல் வெளியான டிரையம்ஃப் ஆய்வு நம் நாட்டு ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில் 700 பேரை வைத்துச் செய்யப்பட்டது. ஒரு மருந்தை முழு அளவில் கொடுத்துக் கூட்டிக்கொண்டே போவதற்குப் பதிலாக, டெல்மிசார்டன், அம்லோடிபின், குளோர்தாலிடோன் மூன்றையும் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அந்தக் குழுவில் நூறில் 70 பேர் இலக்கை அடைந்தார்கள், வழமையான சிகிச்சையில் 55 பேர். காரணம் எளிது. ஒரே மருந்தை இரட்டிப்பாக்கினால் பலன் கொஞ்சம்தான் கூடும், கால் வீக்கம் போன்ற தொல்லைதான் அதிகமாகும். வெவ்வேறு வழியில் வேலை செய்யும் மருந்துகளைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் பலன் கூடும், தொல்லை குறையும். ஆகவே ‘எனக்கு ரெண்டு மூணு குளிசை தந்திட்டாங்க, வருத்தம் முத்திப்போச்சு’ என்று பயப்பட வேண்டியதில்லை.

பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கைக் கிராமங்களில் செய்து 2020இல் வெளியான இன்னொரு ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் அளந்து, ஆலோசனை சொல்லி, தேவையானவரை டொக்டரிடம் அனுப்பினார்கள். மற்ற ஊர்களை விட அங்கே மேல் எண் சராசரியாக 5 கூடுதலாகக் குறைந்தது. புதிய மருந்து ஒன்றுமில்லை, ஆள்கள் போய்ப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

நம் பக்கத்துக்கே உரிய சில நேரங்களில் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டி வரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வயலில் நின்று வியர்த்து, தண்ணீரும் குடிக்காமல், ஹைட்ரோகுளோரோதயசைட் போன்ற மூத்திரம் போக்கும் குளிசையும் போட்டால் பிரஷர் விழும், சிறுநீரகமும் அடிபடும். வயிற்றோட்டம், வாந்தி என்றாலும் அப்படித்தான். லொசார்டன், எனலாப்ரில் எடுப்பவர் தொடரலாமா என்று அன்றே கேட்க வேண்டும். மாரி காலத்துக் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம், டெங்குவில் பிரஷர் தானாகவே இறங்கக் கூடும். எடுக்கும் குளிசைகளைக் காய்ச்சலின் முதல் நாளே டொக்டரிடம் காட்டுங்கள். நோன்பு பிடிக்கிறவர்கள் நோன்பு தொடங்கும் முன்பே போய்க் கேட்டால், ஒரு நாளைக்கு ஒரு தடவை போடும் மருந்தாக மாற்றி, நோன்பு திறக்கும் நேரத்துக்கோ சஹருக்கோ பொருத்தித் தருவார்கள். மூட்டு நோவுக்குப் பாமசியில் வாங்கும் டைக்ளோஃபெனாக் பிரஷரை ஏற்றும் என்பதையும், கருவாடும் அச்சாறும் தினமும் சேர்ந்தால் மருந்தின் பலனில் ஒரு பங்கை உப்பு தின்றுவிடும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். இவற்றைத் திருத்தாமல் நான்காவது குளிசைக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

உங்கள் இலக்கு என்ன என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். “எனக்கு எத்தினைக்குக் கீழ இருக்கோணும் டொக்டர்?” என்றால் போதும். அதற்கு முன் ஒரு வாரம் வீட்டில் அளந்துகொண்டு போனால் அவருக்கு முடிவெடுக்கச் சுலபம். கட்டாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ பிள்ளைகள் அனுப்பும் இயந்திரமாக இருந்தால், மணிக்கட்டில் கட்டுவதை விட மேற்கையில் கட்டுவதைக் கேட்டு வாங்குங்கள். ஏழு நாள், காலையில் குளிசைக்கு முன் இரண்டு தரம், இரவில் இரண்டு தரம், இடையில் ஒரு நிமிடம் விட்டு. முதுகு சாய்ந்து, கால் தரையில் ஊன்றி, கை நெஞ்சு மட்டத்தில். அளக்கும் முன் அரை மணி நேரத்துக்குத் தேநீரும் சிகரெட்டும் வேண்டாம். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற ஆறு நாளின் சராசரியை எடுங்கள். வீட்டில் 135/85 என்பது ஆஸ்பத்திரியில் 140/90க்குச் சமம். அந்தச் சராசரியைக் கிளினிக் கொப்பியின் உள்ளே ஒரு தாளில் எழுதி வைத்து, தலை சுற்றிய நாள், குளிசை தவறிய நாள் இருந்தால் பக்கத்தில் குறித்து, டொக்டரிடம் கொடுங்கள்.